எறங்குமா என்று கேட்டால்

"ஏத்துறவுகளுக்கே ஏன் ஏத்துறோம்னு தெரியாது. ஒனக்குத் தெரியுமாக்கும்?"

அன்னவாசலில் இந்தப் பெட்ரோல் பங்க்குக்கு நான் வந்த முதல் வாரத்தில் சம்சுதீன் பாய் என்னிடம் கேட்டது இது. பம்பில் நிற்கும் உங்களுக்கு அவரைத் தெரியும். கோட்டைப்பட்டினம் கரையிலிருந்து விராலிமலைக் கடைகளுக்கு மீன் கொண்டுபோகும் நீல நிற வேன்காரர். அன்றைக்கு விலைப் பலகையில் எண் மாறியிருந்தது. ஏன் மறுபடி ஏறியது என்று பொதுவாகக் கேட்டார். படித்த பெண்ணாயிற்றே என்று நான் விளக்க வாயைத் திறந்தேன். அதற்குத்தான் அந்தப் பதில். பம்பில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக் காடுகளில் கொட்டை பொறுக்கிய அப்பாவும் அம்மாவும் என்னை பி.காம். வரை படிக்க வைத்தார்கள். அந்தப் பெருமையை நான் ஒருநாளும் மறைத்ததில்லை, இப்போதும் மறைக்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் கேட்டது நியாயமான கேள்வி. உண்மையில் எனக்குத் தெரியாது. பேப்பரில் படித்ததைத் திருப்பிச் சொல்லப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அதன்பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதைத் தினமும் காலையில் அவர் வேனுக்கு டீசல் போடும் அந்த இரண்டு நிமிடத்தில் அவரிடமே துண்டு துண்டாகச் சொன்னேன். அவரும் தினமும் கண்ணாடியை இறக்கி ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "தங்கச்சி, எறங்குமா?" அது வணக்கம் சொல்வது மாதிரி ஆகிவிட்டது. "பாப்போம் பாய்" என்று முடிப்பேன். போய்விடுவார்.

அடுத்த மாதத்திலிருந்து நான் இங்கே இருக்கமாட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாசில் பிடிப்பது, டிப் ராடு விட்டு டேங்கில் இருப்பதை அளப்பது, டீசலின் டென்சிட்டி பார்ப்பது எல்லாவற்றையும் என் இடத்துக்கு வரும் புது மேனேஜர் மலர் சொல்லித் தருவார். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார். இந்த ஒரு கதையை மட்டும் அவர் சொல்லமாட்டார், ஏனென்றால் அது அவரைப் பற்றியது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேரு போட்டே எழுதுக்கா, அப்பத்தான் புள்ளைக பயப்படாம வேல பாக்கும்" என்றார்.

ஒன்றை முதலில் கவனியுங்கள். நம்மிடம் வருகிறவர்கள் இரண்டு வகை. பைக்கில் வருகிறவர்கள் "நூறுக்குப் போடுங்க" என்பார்கள். விலை ஏறினாலும் அவர்கள் கொடுப்பது அதே நூறுதான். வண்டி முன்னைவிடச் சீக்கிரம் நிற்கும்போதுதான் ஏதோ குறைகிறது என்று தெரியும். வேன் வைத்திருப்பவர்களும், கேனோடு வரும் விவசாயிகளும் லிட்டரில் கேட்பார்கள். இத்தனை லிட்டர் இருந்தால்தான் விராலிமலைக்குப் போய்த் திரும்ப முடியும், இத்தனை லிட்டர் இருந்தால்தான் மோட்டார் ஓடி வயல் நனையும். அவர்களுக்கு விலை ஏறுவது பலகையில் இல்லை, நெஞ்சில் ஏறும். அதனால் அவர்கள் கோபமாகப் பேசினால் உங்களிடம் பேசுவதாக நினைக்காதீர்கள். விலை ஏறினால் பங்க்குக்கு லாபம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நமக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன்தான். விலை ஏறினால் அதே ஒரு லாரி லோடை எடுக்க முதலாளி கூடுதலாகப் பணம் புரட்ட வேண்டும், விற்பனையோ குறையும். இதைச் சண்டை போடாமல் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

இனி அந்த நாள்.

டேங்கில் டீசல் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. எண்ணெய் கம்பெனி டிப்போவிலிருந்து வர வேண்டிய டேங்கர் லாரி வரவில்லை. நான் டிப்போவுக்கும் லாரி டிரைவருக்கும் மாற்றி மாற்றி செல்போனில் பேசிக்கொண்டு வெளியே நின்றேன். ஆபீஸ் போனை மலர் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. காலையிலிருந்து எல்லா அழைப்பும் ஒன்றுதான். டீசல் இருக்கா, லோடு எப்ப எறங்கும், இன்னிக்கே எறங்குமா? மதியத்துக்கு மேல் டிப்போவில் உறுதியாகச் சொன்னார்கள், நாளைக் காலையில் லாரி வந்துவிடும் என்று. நான் கண்ணாடி வழியாக மலருக்குக் கைகாட்டிச் சொன்னேன். அவருக்கும் நிம்மதி.

அந்த நேரத்தில்தான் சம்சுதீன் பாய் கோட்டைப்பட்டினத்து வீட்டிலிருந்து போன் செய்திருக்கிறார். பேர்கூடச் சொல்லவில்லை. எடுத்தது நான் என்றே நினைத்து, எப்போதும் என்னிடம் கேட்பது மாதிரியே, "தங்கச்சி, எறங்குமா?" என்றிருக்கிறார்.

மலர் சொன்னது இது: "நாளைக்குக் காலைல கட்டாயம் எறங்கிரும்ங்க. கம்பெனி ஆபீஸ்லயே சொல்லிட்டாக."

அவ்வளவுதான் நடந்தது. ஒருத்தர் பொய் சொல்லவில்லை, ஒருத்தர் கேட்டதைத் திரித்துக்கொள்ளவும் இல்லை. நமக்கு இறங்குவது என்றால் லோடு. வெளியே இருப்பவர்களுக்கு இறங்குவது என்றால் விலை. பங்க்கில் வேலை பார்க்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்னாலேயே ரோட்டோரம் மீன் வேன்கள் வரிசையாக நின்றன. எல்லாம் கரையிலிருந்து வந்தவை. ஏழெட்டு இருக்கும். எப்போதும் அவர்களில் பாதிப் பேர் அறந்தாங்கியிலோ புதுக்கோட்டையிலோ டீசல் போட்டுக்கொண்டு நம்மைத் தாண்டிப் போய்விடுவார்கள். அன்றைக்கு யாரும் வழியில் போடவில்லை. விலை இறங்கப்போகிறது, அன்னவாசல் பங்க்கிலேயே சொல்லிவிட்டார்கள் என்று வேன்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரவே செய்தி ஓடியிருக்கிறது. கிட்டத்தட்ட காலி டேங்கோடு, விலை மாறும் ஆறு மணிக்காக வந்து நின்றார்கள். முதல் வேன் சம்சுதீன் பாயுடையது.

ஆறு மணிக்குப் பலகையில் எண் மாறியது. சில பைசா ஏறியிருந்தது.

அதே நேரத்தில் டேங்கர் லாரியும் உள்ளே வந்துவிட்டது. லோடு இறங்கும்போது டீசல் விற்கக்கூடாது. இறக்கி முடித்து, டேங்கில் டீசல் அலையாமல் நிதானமான பிறகுதான் பம்பைத் திறக்க வேண்டும். வரிசையில் நிற்பவர்களிடம் காலி டேங்க். வேனுக்குள் ஐஸ் உருகி, பெட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. விராலிமலையில் கடை திறந்து காத்திருப்பார்கள். ஹாரன் சத்தத்தில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை.

முதலாளி போனில் வந்தார். மிஷின் ரிப்பேர் என்று போர்டு வைத்துவிட்டுக் கேட்டைச் சாத்தச் சொன்னார். கூட்டம் கலைந்துவிடும் என்றார். அவர் நல்ல மனிதர், கண்ணாடி உடைந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. ஒரு வேன்காரர் இன்னொரு பக்கம் என் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார்: இறங்குவது இறங்கட்டும், எனக்கு மட்டும் அஞ்சு லிட்டர் அடித்து விடுங்கள் என்று.

அந்த நிமிடம் இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. பொய் சொல்லிக் கேட்டைச் சாத்தலாம். இல்லை, லோடு இறங்க இறங்கவே பம்பைத் திறந்து கூட்டத்தைச் சமாளிக்கலாம். இரண்டும் வேண்டாம் என்று முடிவு செய்ய நான் பெரிய தைரியசாலியாக இருக்க வேண்டியதில்லை. முதலாவது வழியில் போனால் மறுநாள் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. இரண்டாவது வழியில் ஒரு பொறி பறந்தால் மறுநாளே இருக்காது. அதனால் மிச்சம் இருந்தது உண்மை மட்டும்தான்.

வரிசைக்கு நடுவில் போய் நின்று சொன்னேன். "நாளைக்கு எறங்கும்னு நேத்துச் சொன்னது லோடுங்க. வெல இல்ல. அந்தா எறங்குது பாருங்க. அது முடிஞ்சு கொஞ்ச நேரம் டேங்கு அசையாம இருக்கணும். அதுவரைக்கும் ஒரு சொட்டுகூட அடிக்க முடியாது, எங்க அப்பா வந்து கேட்டாலும்."

ஹாரன் நின்றது. யாரோ ஒருவர், "லோடா?" என்றார். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு, நல்ல சிரிப்பு இல்லை.

"போன எடுத்தது யாரு? அத மொதல்ல சொல்லு."

மலர் ஆபீஸ் கதவுக்குப் பின்னால் நின்றார். அவர் வெளியே வர ஒரு அடி எடுத்து வைத்ததை நான் பார்த்தேன்.

"பங்க் எடுத்துச்சு" என்றேன். "பங்க்குக்கு நான்தான் மேனேஜர். என்னயத் திட்டுங்க."

திட்டினார்கள். நியாயமாகத்தான் திட்டினார்கள். ஆனால் திட்டிக்கொண்டே ஒருவர் எதிர்க்கடையில் ஐஸ் கட்டி இருக்கிறதா என்று விசாரிக்கப் போனார். நாங்கள் சாக்கும் தண்ணீரும் எடுத்துக்கொடுத்தோம். பெட்டிகளை ஒரே பக்கம் அடுக்கி ஈரச் சாக்கு போட்டு மூடினார்கள். மலர்தான் ஓடி ஓடி வாளியில் தண்ணீர் ஊற்றினார். மீன் ஒன்றும் கெடவில்லை. பம்பைத் திறந்ததும் ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டு போனார்கள்.

அத்தனை பேரிலும் ஒரு வார்த்தைகூடப் பேசாதவர் சம்சுதீன் பாய் மட்டும்தான். எனக்கு அதுதான் உறுத்தியது.

விராலிமலையிலிருந்து திரும்பும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். டீ வாங்கி வரச் சொன்னேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு சொன்னார். முந்தைய நாள் மதியம் அவர் வீட்டில் அறந்தாங்கிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தாராம், வேனை விலைக்குக் கேட்டு. வளைகுடாவிலிருந்து மச்சான் விசா அனுப்பத் தயாராக இருக்கிறார். வேனை விற்றுவிட்டுப் போய்ச் சேர வேண்டியதுதான் என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. டீசல் ஏறிக்கொண்டே போகிறது, மீன் கொண்டுபோகக் கடைக்காரர்கள் கொடுக்கும் வேன் வாடகையோ என்றோ பேசிய இடத்திலேயே நிற்கிறது. ஓட்டினால் நட்டம், நிறுத்தினால் பட்டினி.

"கடைசியா ஒன்ட்ட ஒரு தடவ கேட்டுப் பாப்போம்னு போன் போட்டேன்" என்றார். "எறங்கும்னுச்சு. வந்தவர எந்திரிச்சுப் போகச் சொல்லிட்டேன்."

அவர் முதல் வாரத்தில் கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டேன். "எனக்குத் தெரியுமாக்கும்னு கேட்டீங்களே பாய். அப்புறம் என்னயப் போயி எதுக்கு நம்புனீங்க?"

"அன்னிக்குக் கேட்டேன். அதுக்கப்புறம் தெனமும் நீ சொல்றத நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவர் ஏன் போக விரும்பவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். அவர் ஏற்கெனவே அங்கே பல வருடம் இருந்தவர். மூத்த மகள் பிறந்ததைப் போனில் கேட்டவர், வாப்பா என்று அவள் முதலில் கூப்பிட்டதையும் போனில் கேட்டவர். இளையவள் இப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கிறாள். "இவளயும் போன்லதான் வளக்கணுமா?" என்றார். அறந்தாங்கிக்காரர் நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடியும்வரை யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"இப்பச் சொல்லு. லோடக் கேக்கல. வெலதான். எறங்குமா?"

இளையவர்களே, நம் வேலையில் மிகவும் கடினமான நேரம் தீயணைப்பானைத் தேடி ஓடும் நேரம் இல்லை. எதிரில் இருப்பவர் கேட்க விரும்பும் பதில் உங்கள் நாக்கு நுனியில் இருக்கும் நேரம். இறங்கும் என்று சொல்லியிருந்தால் அவர் முகம் மலர்ந்திருக்கும். இறங்காது என்று சொல்லியிருந்தால் வண்டியை விற்றுவிட்டுப் போயிருப்பார், எனக்கும் பொறுப்பு இல்லை. "எனக்குத் தெரியாது பாய். தெரியும்னு சொல்றவுகளையும் நம்பாதீங்க" என்றேன். "ஆனா ஏன் ஏறுது, ஏன் எறங்குதுன்னு முழுசாச் சொல்லத் தெரியும்."

அவருக்கு விளக்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. அவர் மீன்காரர். கரையில் ஏலம் போகும்போது ஒரு விலை. ஐஸ், பெட்டி, வண்டி, தரகு, கடைக்காரர் லாபம் எல்லாம் ஏறித்தான் விராலிமலைத் தட்டில் வந்து விழுகிறது. டீசலும் அப்படித்தான். கச்சா எண்ணெயைப் பெரும்பாலும் நாம் வெளிநாட்டில் வாங்குகிறோம். எங்கோ சண்டை என்றால், கப்பல் போகும் வழி அடைபட்டால், எண்ணெய் எடுக்கும் நாடுகள் குறைவாக எடுப்போம் என்று முடிவு செய்தால், அந்த ஏலத்திலேயே விலை ஏறிவிடும். பிறகு சுத்திகரிப்பு, லாரி, நம் கமிஷன். அதற்கு மேல் டெல்லி வரி, சென்னை வரி. பலகையில் தெரியும் எண்ணில் வரி ஒரு பெரிய பங்கு. அதனால்தான் அங்கே விலை இறங்கினாலும் இங்கே அதே அளவுக்கு இறங்குவதில்லை. சில சமயம் இறங்கிய இடத்தில் வரியை உட்கார வைத்துவிடுவார்கள். சில சமயம் எண்ணெய் கம்பெனிகள் முன்பு பட்ட நட்டத்தை ஈடுகட்டிக்கொள்வார்கள். தினமும் மாறலாம் என்று விதி இருந்தும் மாதக்கணக்கில் அசையாமல் நிற்பதும் உண்டு.

டாலர் என்று நான் தொடங்கியதும் கையை உயர்த்தினார். அது பெரிய ஆட்கள் சமாச்சாரம் என்றார்.

"பாய், நீங்க அங்க இருந்தப்ப, ரூபா மதிப்பு எறங்குனா என்ன செய்வீக?"

"சந்தோசப்படுவோம். ரியாலுக்கு ரூபா அதிகமாக் கெடைக்குமே. அன்னிக்குத்தான் எல்லாரும் ஊருக்குப் பணம் அனுப்புவாக, பணம் அனுப்புற கடையில கூட்டம் தாங்காது."

"அதே ரூபாதான் பாய். அதக் குடுத்து டாலர் வாங்கித்தான் எண்ணெ வாங்கணும். உங்களுக்கு அதிகமாக் கெடச்ச அன்னிக்கு இங்க டீசலுக்கு அதிகமாக் குடுத்திருப்போம்."

அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "அப்ப எங்க மச்சானுக்கு நல்லதுன்னா எனக்குக் கெட்டதா? இரு, இன்னிக்கு அவன்ட்டக் கேக்குறேன்."

சிரித்த மனிதரிடம்தான் அடுத்ததைச் சொல்ல முடியும். டீசல் விலை அவர் கையில் இல்லை, என் கையிலும் இல்லை. ஆனால் வாடகை? அது ஏன் அசையவே இல்லை என்று கேட்டேன். கேட்க வெட்கமாக இருக்கிறது என்றார். ஒவ்வொரு முறையும் ஏற்றிக் கேட்டால் கடைக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள், அதுவும் பாக்கியத்தக்கா வாயைத் திறந்தால் தெருவே கூடிவிடும். பாக்கியத்தக்கா விராலிமலையில் மீன் கடை வைத்திருப்பவர். அவர் சரி என்றால் மற்றக் கடைகளும் சரி என்றுவிடும்.

"ஏத்திக் கேக்காதீங்க பாய். டீசல் ஏறுனா ஏறும், எறங்குனா எறங்கும்னு பேசுங்க."

"அதெல்லாம் நம்ம பக்கம் யாரு பேசுறா?"

யாரும் பேசுவதில்லை என்பது உண்மைதான். மறுநாள் எனக்கு வார விடுமுறை. அவரோடு வேனில் நானே விராலிமலைக்குப் போனேன். துப்பட்டாவில் மீன் வாடை ஒரு வாரம் போகவில்லை.

பாக்கியத்தக்கா பாறை மீனை வெட்டிக்கொண்டே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கத்தியை வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"ஏ ஆத்தா, நல்லாத்தான் பேசுற. ஏறுறப்ப எல்லாரும் வருவீக. பஸ்ஸுக்காரன் வருவான், ஐஸுக்காரன் வருவான், காய்க்காரன் வருவான். எறங்குனப்ப ஒருத்தனாச்சும் இங்கிட்டுத் திரும்பிப் பாத்திருக்கானா? பாய், நீங்க சொல்லுங்க. எறங்குனா நீங்க எறக்குவீகளா?"

சம்சுதீன் பாய் வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார். எனக்குத் திடுக்கென்றது. நாங்கள் எல்லோரும் இத்தனை நாளாக மேலே பார்த்து ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம். அதே கேள்வியை அந்த அம்மா எங்களைப் பார்த்துக் கேட்டுவிட்டார். விலை ஏன் இறங்குவதில்லை என்பதற்கு டெல்லியும் டாலரும் மட்டும் காரணம் இல்லை. ஏறும்போது எல்லோரும் ஏற்றிவிடுகிறோம். இறங்கும்போது, அடுத்தவர் இறக்கட்டும் என்று ஆளுக்கு ஒரு பிடி வைத்துக்கொள்கிறோம். டீசல் இறங்கினாலும் தக்காளி இறங்காமல் இருப்பது இப்படித்தான்.

"எறக்குவேன்" என்றார் சம்சுதீன் பாய், இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி.

"வாய நம்பமாட்டேன். இந்தப் புள்ள பங்க்குப் பலகைய ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதிக்குப் போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பட்டும். அது சொல்ற மாதிரி வாடக."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சம்சுதீன் பாய் அறந்தாங்கிக்காரருக்கு இரண்டாவது தடவையாக இல்லை என்று சொன்னார். இந்த முறை விலை இறங்கும் என்று நம்பி இல்லை. இறங்காவிட்டாலும் ஓட்ட முடியும் என்று தெரிந்து.

மாதங்கள் போயின. விலை பல தடவை ஏறியது, நான் போட்டோ அனுப்பினேன், வாடகையும் ஏறியது. பாக்கியத்தக்கா ஒவ்வொரு தடவையும் ஒரு வசவு அனுப்புவார், ஆனால் கொடுத்துவிடுவார். எனக்குள் ஒரு பயம் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. இறங்கும் நாள் வந்தால் என்ன ஆகும்? மனிதர்களைப் பற்றி அவ்வளவு நிச்சயமாக எனக்கு எதுவும் தெரியாது.

அந்த நாள் வந்தது. ஒரு மாலை வரியைக் குறைத்து அறிவிப்பு வந்தது, நல்ல குறைப்பு. அன்றைக்கு மதியம்தான் நாங்கள் முழு லோடை இறக்கியிருந்தோம், பழைய விலையில். முதலாளி போனில் பெருமூச்சு விட்டார். "மத்தியானம் லோடு எறங்கிச்சு, சாயங்காலம் வெல எறங்கிருச்சு. எல்லாம் சேந்து என் தலையிலயா எறங்கணும்?" என்றார். விலை இறங்கும் நாளில் பங்க்குக்காரருக்கு அடி விழும் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. அவர் புலம்பினார், ஆனால் பம்பை மூடச் சொல்லவில்லை. அந்தப் பழைய காலைக்குப் பிறகு அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

மறுநாள் ஆறு மணிக்குப் பலகை மாறியது. நீல வேன் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார்.

"தங்கச்சி, எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சு பாய்."

"அப்ப பலகையப் போட்டோ புடிச்சு அனுப்பு, அக்காவுக்கு."

ஒன்றாம் தேதிக்கு நிறைய நாள் இருந்தது. பேச்சுப்படி அதுவரை அவர் பழைய வாடகையையே வாங்கலாம். நான் அதைச் சொன்னேன். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இருக்கட்டும். நாம எறக்காட்டி வேற யாரு எறக்குவா?"

அன்றைக்குத் திரும்பி வரும்போது ஒரு பொட்டலம் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சங்கரா மீன், சுத்தம் செய்து மசாலா தடவியது. பாக்கியத்தக்கா கொடுத்துவிட்டாராம். அவரும் அன்றைக்குத் தட்டில் விலையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லித்தான் விற்றாராம். அந்தக் குறைப்பு எத்தனை பேருடைய அடுப்பு வரை போனது என்று எனக்குத் தெரியாது. போயிருக்கும்.

ஆகவே, விலை இறங்குமா என்று உங்களிடமும் கேட்பார்கள். தினமும் கேட்பார்கள். முதலில், எது என்று திருப்பிக் கேளுங்கள். மலர் இப்போது போனை எடுத்ததும் "லோடா, வெலயா?" என்று கேட்பதைக் கவனித்திருப்பீர்கள், சில பேர் கேலியும் செய்கிறீர்கள். கேலி செய்யாதீர்கள், கற்றுக்கொள்ளுங்கள். பிறகு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்ததை அவர்கள் பிழைப்பிலிருந்தே எடுத்து விளக்குங்கள். விலை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஏறிய உயரத்துக்கு முழுக்க இறங்குமா என்றால் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் இறங்கும்போது அது கடைசி ஆள்வரை போய்ச் சேருவதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். கிராமப்புறத்துக்குப் புதுப் பங்க் விளம்பரம் வந்தபோது யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்தேன். குலுக்கலில் என் பெயர் வந்தது. கந்தர்வக்கோட்டைச் சாலையில், அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் கொட்டை பொறுக்கிய காட்டுக்கு எதிரிலேயே இடம் கிடைத்தது. ஒரு ஓரத்தில் மின்சார வண்டிகள் சார்ஜ் ஏற்றுவதற்கும் இடம் விட்டுத்தான் வரைபடம் போட்டிருக்கிறேன். டீசலே வேண்டாம் என்று சம்சுதீன் பாய் ஒருநாள் வந்து நின்றால் அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது அல்லவா?

போன திங்கட்கிழமை காலையில் கிரேன் வந்தது. தரைக்கு அடியில் வைக்கும் டேங்கைத் தூக்கி, வெட்டிய குழிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது என் செல்போன் அடித்தது. சம்சுதீன் பாய்.

"தங்கச்சி, எறங்குமா?"

"எது பாய்?"

"டேங்குதான்."

"இருங்க" என்றேன். போனைக் காதிலிருந்து எடுக்காமல், கிரேன்காரரைப் பார்த்துக் கையைக் கீழே காட்டினேன். இரும்புக் கயிறு மெல்ல நெகிழ்ந்தது. மணல் மெத்தையில் டேங்க் போய் உட்கார்ந்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

"எறங்கிருச்சு பாய்."